சீல் உடைக்காத பாட்டில்

எனக்கு வயது முப்பத்தொன்று. இந்த வயதில் "என் பணிக்காலத்தில்" என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் ஆறு வருடம் தில்லியில் ஒரே ஆய்வக மேசை முன்னால் நின்றுவிட்டு, போன மாதம் கையுறையைக் கடைசியாகக் கழற்றிப் போட்டேன். அடுத்த வேலை புனேயில், கணினி முன்னால். இனி என் கை ஈரமாகப் போவதில்லை. அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். இந்த வருடம் தமிழ்நாட்டிலிருந்து இங்கே ஆய்வு மாணவர்களாக வந்து இறங்கியிருக்கும் உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். புரதத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதெல்லாம் உங்கள் ஆய்வகக் கோப்பில் இருக்கும். இது கோப்பில் இருக்காது.

முதலில் எங்கள் நொதி. கொஞ்ச நாள் முன்புவரை தில்லி மெட்ரோவில் பிளாஸ்டிக் டோக்கன் இருந்தது. இறங்குமிடத்தில் அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். விழுந்த டோக்கன்களை அள்ளி மறுபடி கவுன்ட்டருக்கு அனுப்புவார்கள். நம் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு டோக்கன் உண்டு, பெயர் யூபிக்விட்டின். பழுதான புரதத்தின் மேல் இந்தக் குட்டிப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்து ஒட்டினால், 'இதை உடைத்துப் போடு' என்று அர்த்தம். பழுது உடைபடப் போகும். சங்கிலி கழன்று தனியே மிதக்கும். அந்தச் சங்கிலியை மணி மணியாக நறுக்கி மறுபடி புழக்கத்துக்கு அனுப்புவதுதான் எங்கள் நொதியின் வேலை. அது படுத்துக்கொண்டால் சங்கிலி குவியும், டோக்கனுக்குத் தட்டுப்பாடு வரும். முதலில் திணறுவது நரம்புச் செல்களாக இருக்கலாம் என்று நினைக்கிறோம்.

மனித உடம்பின் நொதிதான் என்றாலும் அதைப் பாக்டீரியாவிடம் செய்து வாங்கி, மூன்று நாள் குளிர் அறையில் வைத்துச் சுத்தம் செய்வோம். மே மாத வெயிலில் மெட்ரோவில் யாராவது ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருந்தால் அவர் எங்கள் ஜாதி.

இந்த நொதியின் வெட்டுவாயில் ஒரு கந்தக அணு இருக்கிறது. காற்றுப் பட்டுப் பட்டு அது துருப்பிடித்த கத்தி மாதிரி ஆகிவிடும். ஆகாமல் இருக்கக் கரைசலில் பீட்டா எம்ஈ என்ற திரவத்தைச் சில சொட்டு விட வேண்டும். அழுகிய முட்டையையும் அடைத்துக்கொண்ட சாக்கடையையும் ஒரே பையில் கட்டி வைத்த நாற்றம். புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத் திறந்தாலும் கொஞ்சம் தப்பித்து வந்து ஊரைக் கூட்டிவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் மற்ற எல்லாவற்றையும் எழுதி வைப்போம். இதை மட்டும் யாரும் குறித்துக்கொள்வதில்லை, தேவைப்பட்டதும் இல்லை. ஊற்றினால் அடுத்த மேசை முகேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு "மார் டாலேகி க்யா?" என்பான், கொன்றுவிடுவாயா என்று. அவன் பிகாரில் முஸஃபர்பூர்க்காரன், வசவுக்குப் பஞ்சமில்லை. அவன் திட்டினால் ஊற்றியாகிவிட்டது. அவன் பேசாமல் இருந்தால் நான் மறந்துவிட்டேன். அவ்வளவுதான் எங்கள் பதிவேடு.

இரண்டு வருடம் முந்தைய தீபாவளி. வடக்கத்திக்காரர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பிகார்க்காரர்கள் அடுத்த வாரம் வரும் சட் பூஜையையும் முடித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். என் ஊர் விருதுநகர். பொங்கலுக்குப் போனால் போதும் என்று இருந்துவிட்டேன். முகேஷும் போய்விட்டான், ஆய்வகத்தில் நான் மட்டும். பட்டாசுப் புகையும் பனியும் சேர்ந்து வானமே தெரியாத வாரம். எனக்கு ஜுரம் வந்தது, நாலு நாள் மயூர் விஹார் அறையில் படுத்திருந்தேன், எழுந்தேன், வேலைக்குப் போனேன். சாப்பாடு எல்லாம் சப்பென்று இருந்தது. சாப்பிட்டது ஆய்வகக் கேன்டீனில் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்போதுதான் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து, எங்கள் ஆய்வகத்தை நடத்தும் சாருக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. ஐந்து வயதுப் பையன். தலை நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. காரணம் தெரியாமல் மரபணுக்களைப் படித்துப் பார்த்ததில், எங்கள் நொதியின் மரபணுவில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு சின்ன மாற்றம் கண்ணில் பட்டது. அவன் அம்மா இப்போது மறுபடி கர்ப்பம், ஐந்தாம் மாதம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அதே மாற்றம் இருப்பது உறுதியாகிவிட்டது. அந்த மாற்றம் நொதியைக் கெடுக்குமா, கெடுக்காதா? டாக்டர் கேட்டது அவ்வளவுதான். எங்கள் பதிலை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார். ஆனால் அவர் கையில் வேறு பெரிதாக எதுவும் இல்லை. இந்தக் கர்ப்பம் தொடர்வதா என்று அந்த அம்மா முடிவு செய்யச் சட்டப்படி இன்னும் மூன்று வாரமே இருந்தது.

நான் பறந்தேன். உண்மையாகவே பறந்தேன். நாலு வருடத்தில் முதன்முறையாக என் டெஸ்ட் ட்யூபுக்கு வெளியே ஒரு மனுஷி காத்திருக்கிறாள். மாற்றம் உள்ள நொதியைச் செய்து, சுத்தம் செய்து, சங்கிலியோடு கலந்து பார்த்தேன். ஒப்பிட, ஃப்ரீசரில் இருந்த போன மாதத்து சாதாரண நொதி. சங்கிலிகளை நீளவாரியாகப் பிரிக்க ஜெல் என்ற கூழ்ப் பலகையில் ஓட்டினால் ஏணிப்படி மாதிரி தெரியும். நொதி வேலை செய்தால் படிகள் மறைந்து கீழ்ப்படி ஒன்று மட்டும் மிஞ்சும். சாதாரண நொதி ஏணியைத் துடைத்துவிட்டது. மாற்றம் உள்ளதில் ஏணி அப்படியே நின்றது. செத்த நொதி.

வியாழக்கிழமை சாருக்குப் போன் போட்டேன். அவர் அப்பாவின் வருடத் திதிக்காக ஷிமோகா பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, இரண்டு நொதியையும் ஒரே சமயத்தில், ஒரே கரைசலில் எடுத்தாயா என்று கேட்டார். இல்லை. ஒன்று போன மாதம், ஒன்று இந்த வாரம். அதைச் சொன்னால் திருப்பிச் செய்யச் சொல்வார், ஒரு வாரம் போய்விடும். "ஸேம் கண்டிஷன்ஸ், சார்" என்றேன். அதே கரைசல்தானே, அதே அளவுதானே என்று என்னை நானே சமாதானப்படுத்தியும்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவர் டாக்டரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி அக்கா டப்பாவைத் திருப்பி வாங்க வந்தாள். எதிர் வீடு, நாகர்கோவில்காரி, லோதி ரோடு பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. புதன்கிழமை மீன் குழம்பு கொடுத்திருந்தாள். என் அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. குளிர்காலம்தானே என்று வைத்து வைத்துச் சாப்பிட்டேன். டப்பாவைத் திறந்தவள் இரண்டடி பின்னால் போனாள்.

"ஏ மக்ளே, இத எப்பம் தின்ன?"

நேற்றுச் சாப்பிட்டேன், புளி கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

"புளியா? அழுகிக் கெடக்கு பிள்ளே. ஒனக்கு மணம் தெரியலியா?"

தன் வீட்டுக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து வந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். ஒன்றுமில்லை. காபித் தூள். ஒன்றுமில்லை. கழிவறை ஃபினாயில் பாட்டிலைக்கூடத் திறந்தாள். ஒன்றுமே இல்லை, காற்றைக் குடிப்பது மாதிரி இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஜுரத்திலிருந்தா?

"கொள்ளாம். மூக்கு போயி இத்தன நாளாட்டு, ஒருத்தரும் சொல்லலியா ஒனக்கு?"

யார் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். கூட ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே, அடுப்பில் பால் தீய்ந்ததிலேயே தெரிந்திருக்கும். என்னோடு கடைசியாக முகம் பார்த்துப் பேசிய ஆள், குழம்பு கொடுக்க வந்த செல்வி அக்காதான். அதற்கு முன்னால் யார் என்று நினைத்துப் பார்த்தபோது முகேஷ் ஞாபகம் வந்தான். முகேஷ் என்னைத் திட்டி எத்தனை நாளாயிற்று?

உடனே ஆய்வகத்துக்குக் கிளம்பினேன், மெட்ரோவில் பத்து ஸ்டேஷனும் கண்ணை மூடி ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பீட்டா எம்ஈ ஊற்றிய மாதிரிதான் இருந்தது. நூறு தடவை ஊற்றியதில் எது இந்த வார ஞாபகம், எது போன வருட ஞாபகம்? ஆய்வகத்தில் விளக்கைப் போட்டுக் கண்ணாடிக் கூண்டைத் திறந்தேன். பழைய பாட்டில் காலியாகி, தீபாவளிக்கு முன்னால் நானே தூக்கிப் போட்டிருந்தேன். புது பாட்டில் அதே இடத்தில் நின்றது. மூடியைத் திருகினேன். உள்ளே வெள்ளிக் காகித சீல் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அந்த நொதிக்கு ஒரு சொட்டும் போகவில்லை. மூன்று நாள் காற்றில் வைத்துத் துருப்பிடிக்க விட்டிருக்கிறேன். மறந்தது பெரிய விஷயமில்லை, மறப்போம். மூக்கு இருந்திருந்தால், நாறாத ஆய்வகத்தில் 'என்னமோ குறையுதே' என்று தோன்றியிருக்கும். முகேஷ் இருந்திருந்தால் அவன் பேசாமல் இருப்பதே சொல்லியிருக்கும். இரண்டும் இல்லாமல் போனது ஒரே சமயத்தில்.

சீலைக் குத்தினேன். மிச்சம் இருந்த நொதியில் கொஞ்சம் விட்டு, சங்கிலியைக் கலந்து, ஜெல் ஓட்டினேன். மத்தியானம் பார்த்தால் ஏணி பாதி மங்கியிருந்தது. பாதி. கத்தியே மொண்ணையா, துருதான் இன்னும் முழுசாகப் போகவில்லையா? அந்த ட்யூபால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சாருக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. செய்தி அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. திங்கட்கிழமை அந்த அம்மாவுக்கு டாக்டரிடம் நேரம் குறித்திருந்தது எனக்குத் தெரியும். புதிதாக இரண்டையும் எடுக்க ஐந்து நாள் வேண்டும். சத்தமில்லாமல் செய்து முடித்து, ஒருவேளை 'செத்த நொதி'தான் என்று மறுபடி வந்தால், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆய்வகத்தில் அன்று இருந்தது நானும் அந்த பாட்டிலும் மட்டும்தான். ஒரு மணி நேரம் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும்போது எந்த நியாயமும் நியாயமாகத்தான் படும், மறுத்துப் பேச ஆள் இல்லையே.

திங்கட்கிழமை காலை சாரின் அனுமதி இல்லாமலே மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் ஹிந்திக்கார அம்மாள், ஐம்பது வயதிருக்கும். நான் சொல்லச் சொல்லப் பேனாவை மூடி மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமையே போனில் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டாராம், அறிகுறி நன்றாக இல்லை என்று. இன்று அந்த அம்மா முடிவு சொல்ல வந்து வெளியே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, அவள் தமிழ், புருஷன் ராணுவத்தில், காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் ஹிந்தி தெரியும், நீயே உன் வாயால் சொல்லு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார்.

என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். வேலூர்ப் பக்கம். பையன் தோளில் சாய்ந்திருந்தான், கழுத்துக்குக் கீழ் ஒரு கையை முட்டுக் கொடுத்தே வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள், அது கெட்டுப்போனதுதான் என்று போனில் சொன்னார்களே, அதைப் பேசத்தான் வந்தேன் என்று.

"அத சொன்னது நான்தாங்க. தப்பா சொல்லிட்டேன்."

டெஸ்ட் செய்யும்போது ஊற்ற வேண்டிய ஒன்றை ஊற்றவில்லை, ஜுரத்தில் எனக்கு மூக்கு போய்விட்டது, அதனால் ஊற்றாதது தெரியவில்லை, இப்போதைக்கு அது கெட்டதா நல்லதா என்று எங்களுக்குத் தெரியாது, ஒரு வாரம் கொடுங்கள் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பையனின் வாயைத் துடைத்தாள்.

"ரெண்டு நாளா அழுது மனச தேத்திக்கினு வந்தேன் மேடம். இப்ப திரும்ப மொதல்லேர்ந்தா?"

துடைத்த துணியை மடித்துக்கொண்டே அவளே கேட்டாள்.

"மூக்கு போனது உங்களுக்கே தெரியலியா? கூட யாரும் இல்ல?"

"இல்லக்கா."

"எனக்கும்தான். அவரு பார்டர்ல கீறாரு." பையனைத் தோள் மாற்றிக்கொண்டாள். "சரி. ஒரு வாரம்தான. இருக்கேன்."

டாக்டரிடம் அதை ஹிந்தியில் சொன்னேன்.

சாயங்காலம் சாரே கூப்பிட்டார். செய்தியைப் பார்த்திருந்தார். அவர் கத்தியதை நான் ஆறு வருடத்தில் கேட்டதில்லை, அன்றும் கத்தவில்லை. மூக்கு போனதற்கு உன்னை ஒன்றும் சொல்ல முடியாது, ஊற்ற மறந்ததற்கும் பெரிதாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே சமயத்தில் எடுத்தாயா என்று நான் கேட்டபோது உனக்குத் தெரியும், அல்லவா என்றார். ஆமாம் சார் என்றேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை முகேஷ் சட் பூஜைப் பலகாரம், தேக்குவாவோடு வந்து சேர்ந்தான். நெய் வாசனையில் ஊறியது என்று நீட்டினான். எனக்கு அது இனிப்பான மரக்கட்டை. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், என் பக்கத்தில் உட்கார்ந்திரு, மூக்கை மட்டும் திறந்து வை என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் சீல் குத்திய பாட்டிலைத் திறந்து சொட்டு விட்டேன்.

"அரே, மார் டாலேகி க்யா?"

தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பதினேழு நாளாயிற்று அந்த ஆய்வகத்தில் ஒரு மனிதக் குரல் கேட்டு. அவன் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினான். அப்புறம் முழுக்கதையும் கேட்டுவிட்டுத் தன் வேலையைத் தூக்கி ஓரம் வைத்தான். சாதாரண நொதி, மாற்றம் உள்ள நொதி, இரண்டும் ஒரே நாள், ஒரே கரைசல், ஒரே குளிர் அறை. ஒவ்வொரு தடவையும் அவன் முகர்ந்து, மூக்கைச் சுளித்து, தன் கையால் குறித்தான். கடைசிச் சோதனைக்கு எது எது என்று எனக்குச் சொல்லாமல் ட்யூபில் வெறும் ஒன்று, இரண்டு என்று எழுதினான். ஞாயிறு மத்தியானம் ஜெல்லைப் பார்த்தோம். இரண்டு ஏணியும் ஒரே வேகத்தில் மறைந்திருந்தன. முகேஷ் ட்யூபின் பேரைச் சொன்ன பிறகும் என்னால் வித்தியாசம் காட்ட முடியவில்லை. அந்த மாற்றம் நொதியை ஒன்றும் செய்யவில்லை.

திங்கட்கிழமை மறுபடி அதே அறை, அதே மூன்று நாற்காலி. டெஸ்ட் ட்யூபில் நன்றாக இருப்பது உடம்புக்குள்ளும் அப்படியே என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இந்த மாற்றத்தின் மேல் பழி போட இனிக் காரணம் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"உறுதியாமா?" என்றாள். 'மேடம்' என்று கூப்பிடுவது போய்விட்டிருந்தது.

"இந்த வாட்டி ரெண்டு பேரு இருந்தோம்கா."

தலையாட்டினாள். பிறகு பையனின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இவனுக்கு இன்னா?"

அதை நான் ஹிந்தியில் டாக்டரிடம் கேட்டேன். "பதா நஹீ" என்றார் அவர். அந்த இரண்டு வார்த்தை அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் தமிழில் சொல்வதற்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா" என்றேன்.

அந்தப் பையனுக்குத் தங்கச்சி பிறந்துவிட்டாள் என்று டாக்டர் பிற்பாடு ஒருமுறை சொன்னார். நன்றாக இருக்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காபி வாசனை மூன்று மாதத்தில் திரும்பியது, பெருங்காயம் அதற்கப்புறம். பீட்டா எம்ஈ மட்டும் இன்றுவரை எனக்கு ஈர மண் மாதிரி வருகிறது, முகேஷ் அதை நம்புவதில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஏழு வயது. அவன் மரபணுப் பட்டியலில் இன்னும் சில மாற்றங்கள் மிச்சம் இருக்கின்றன. டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக ஒவ்வோர் ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதில் ஒன்று உங்களில் யாருடைய மேசைக்காவது வரலாம். வந்தால், ஊற்றும்போது வாய்விட்டுச் சொல்லி ஊற்றுங்கள். பக்கத்து மேசையில் யாரும் இல்லையென்றால், யாராவது வரும்வரை காத்திருங்கள்.